ஆங்கில மரபுத்தொடர்களிற் பறத்தல்: ஒரு வரலாற்று நோக்கு

1783 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21 ஆந் திகதி பாரிஸ் நகரத்தின் மேலாக இரண்டு பிரெஞ்சுக்காரர் வெப்பக்காற்றுப் பலூனொன்றிலே ஏறிச் சென்றனர். பிணைப்புக் கயிறின்றி மனிதர் வானிற் சென்ற முதற்பயணம் அதுவென்பர். அதன்பின் நூற்றிருபது ஆண்டுகள் கழிந்து, 1903 டிசெம்பர் 17 இல், ரைற் சகோதரர் அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையிலே இயந்திரம் பூட்டிய விமானத்தைப் பறக்கவிட்டனர். ஆயின், ஆங்கிலேயரின் பேச்சோ இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே பறக்கத் தொடங்கிவிட்டது. பறத்தலைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களை ஒருங்கு வைத்து ஆராய்வோர்க்கு, அவற்றுட் பெரும்பாலானவை விமானத்தோடு ஒட்டும் உறவும் இல்லாதன என்பது முதலிலே புலனாகும். அவற்றிலே பறப்பவை வேட்டைப் பருந்தும், கப்பற்கொடியும், கோடரியின் தலையும், நள்ளிரவிற் செல்லும் சூனியக்காரியுமே.

நமது பாடசாலைகளில் மரபுத்தொடர்கள் பட்டியலாகவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. இடப்பக்கத்திலே தொடர், வலப்பக்கத்திலே பொருள். பரீட்சை முடிந்ததும் இரண்டும் மறக்கப்படும். அவற்றின் பிறப்பை விளக்கப் புகுந்தோரும் பல வேளைகளிற் கேட்டதைக் கேட்டபடியே எழுதிவிட்டனர். கதை அழகாயிருந்தால் அது மெய்யென்று கொள்ளப்படுகின்றது. கல்வெட்டையும் செப்பேட்டையும் ஐயுற்று ஆராயும் வரலாற்று மாணவன் சொல்லை மட்டும் ஆராயாது ஏற்றல் முறையன்று. ஒரு தொடர் எப்பொழுது முதன்முதலில் எழுத்திலே தோன்றிற்று, அக்காலத்திலே அத்தொழில் நடைபெற்றதா என்னும் இரண்டு வினாக்களையும் எழுப்பினால் அழகிய கதைகள் பல உதிர்ந்துபோகும். எஞ்சுபவை அவற்றினும் சுவையுடையனவாயிருத்தல் வியப்புக்குரியது.

முதற்கண் சொல்லையே நோக்குவோம். 'காலம் பறக்கின்றது' என ஆங்கிலேயர் கூறுவது 'ரெம்பஸ் பியூஜிற்' என்னும் இலத்தீன் வழக்கைத் தழுவியதாகும். உரோமப் புலவர் வேர்ஜில் உழவு பற்றிப் பாடிய நூலின் மூன்றாம் பகுதியிலுள்ள ஓர் அடியே இதற்கு மூலம். ஆனால் இலத்தீன் சொல்லுக்குப் பொருள் 'ஓடித் தப்புகின்றது' என்பதேயன்றிப் 'பறக்கின்றது' என்பதன்று. பின் இறகு எங்கிருந்து முளைத்தது? பழைய ஆங்கிலத்திலே பறத்தலைக் குறித்த வினையும், தப்பியோடுதலைக் குறித்த வினையும் ஒலியால் மிக நெருங்கியவை. காலப்போக்கில் இரண்டும் ஒன்றோடொன்று மயங்கின. 'பிளை' என்னும் சொல் இரண்டு பொருளையும் ஏற்றது. நாட்டை விட்டோடுதலையும் அச்சொல்லாற் குறிப்பது இம்மயக்கத்தின் எச்சமே. ஆகவே ஆங்கிலத்திலே காலம் கள்வனைப் போல ஓடிற்று. கேட்டவர்களோ அது பறவையைப் போலப் பறந்ததாகக் கொண்டனர்.

பறவைகளுள் ஆங்கில மொழிக்கு மிகுதியாகச் சொல் ஈந்தவை வேட்டைக்குப் பழக்கப்பட்ட இராசாளியும் வல்லூறுமாம். இடைக்கால இங்கிலாந்திலே வல்லூற்று வேட்டை வெறும் பொழுதுபோக்கன்று; அது குலப்பெருமையின் அடையாளம். 1486 ஆம் ஆண்டில் அச்சிடப்பெற்ற சென் அல்பன்ஸ் நூல், இன்ன தகுதியாளர்க்கு இன்ன பறவை என்று ஒரு வரிசை வகுக்கின்றது. வடதேசத்துப் பேரிராசாளி அரசனுக்கு, மெர்லின் என்னும் சிறிய பறவை சீமாட்டிக்கு, கொஸ்கோக் என்னும் பெருவல்லூறு சிறுநிலக்கிழானுக்கு, சிட்டுவல்லூறு குருவானவருக்கு. இவ்வரிசை அப்படியே கைக்கொள்ளப்பட்டதென நம்புதற்கில்லை. எனினும், பறவையைக் கொண்டே மனிதனை மதித்த ஒரு சமுதாயத்தை அது காட்டுகின்றது.

அச்சமுதாயத்தின் சொற்கள் இன்று எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன. 'லூர்' என்பது கவர்ச்சியைக் குறிக்கும் சொல். முதலில் அது பறந்து சென்ற பறவையைக் கைக்கு மீட்டழைப்பதற்காக வேட்டுவன் சுழற்றிய இறகுக் கற்றை. அதிலே இறைச்சித் துண்டு கட்டப்பட்டிருக்கும். 'பவுன்ஸ்' என்பது பாய்தலுக்கு முன்னர்ப் பறவையின் கூருகிரையே குறித்தது. களைத்து வாடிய முகத்தினனை 'ஹகட்' என்பர். அது கூட்டிலிருந்து எடுத்து வளர்க்கப்படாது, முதிர்ந்த பின் காட்டிலே பிடிபட்ட இராசாளியின் பெயர். மனிதனுக்கு எளிதிற் பணியாத அப்பறவையின் கண்ணிலே தோன்றும் காட்டுத்தன்மை மனித முகத்துக்கு ஏற்றப்பட்டது. சேக்ஸ்பியரின் 'அடங்காப்பிடாரி' நாடகத்திலே பெற்றூக்கியோ தன் மனைவியை வழிப்படுத்தும் முறையை இப்பறவையைப் பழக்கும் முறையோடு ஒப்பிடுகின்றான். உறங்கவிடாதும் உணவு மறுத்தும் பறவையைப் பணியச் செய்தல் வேட்டுவர் வழக்கம். அதனை அறியாதார்க்கு அப்பகுதியின் கொடுமையும் நகைச்சுவையும் ஒருங்கே தவறிப்போம்.

'அற் வன் பெல் ஸ்வூப்' என்னும் தொடரைச் சற்று நின்று நோக்குதல் தகும். 'ஒரே வீச்சில்' என்று நாம் பொருள் கொள்கிறோம். இதனை ஆங்கிலத்துக்கு வழங்கியது 1606 ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்ற 'மக்பெத்' நாடகமாகும். தன் மனைவியும் மக்களும் ஒருங்கே கொல்லப்பட்ட செய்தியைக் கேட்ட மக்டப், கொலைஞனை நரகத்துப் பருந்தாகவும், அவன் செயலைக் கோழியையும் குஞ்சுகளையும் ஒருங்கே வாரிச்சென்ற பாய்ச்சலாகவும் உருவகிக்கின்றான். இங்கு வரும் 'பெல்' விழுதலைக் குறிக்கும் சொல்லின் இறந்தகாலம் அன்று. நம் மாணவர் அவ்வாறு கருதுவது பிழை. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அச்சொல்லுக்குக் 'கொடிய' என்பது பொருள். குற்றவாளியைக் குறிக்கும் 'பெலன்' என்பதும் அதன் இனமே. அச்சொல் தனித்து வழங்குதல் ஏறக்குறைய ஒழிந்தது. இத்தொடரில் மட்டும் உயிர்தரித்திருக்கின்றது. மக்களையிழந்த தந்தையின் வாயிற் பிறந்த இத்தொடரால் இன்று கணக்குகள் தீர்த்தலையும் அலுமாரி ஒழுங்குசெய்தலையும் சொல்லுகிறார்கள். சொற்களுக்கு நேரும் விதி அது.

இலண்டன் மாநகரத்திலே 'மியூஸ்' என்னும் பெயருடைய சிறு தெருக்கள் பல உள. அப்பெயரின் வரலாறு வேடிக்கையானது. பறவை இறகுதிர்த்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தமையால், இறகுதிர்க்கும் பருவத்தில் வல்லூறுகளை அடைத்துவைக்கும் கொட்டிலுக்கு அது பெயராயிற்று. சாரிங் குறொஸ் என்னுமிடத்திலே அரசரின் வல்லூற்றுக் கொட்டில் இருந்தது. 1534 ஆம் ஆண்டில் புளும்ஸ்பரியிலிருந்த அரசரின் குதிரை லாயம் எரிந்துபோகவே, எட்டாம் ஹென்றி தன் குதிரைகளை வல்லூற்றுக் கொட்டிலுக்குக் கொண்டுவந்தான். பறவைகள் போயின; பெயர் போகவில்லை. அரச லாயம் 'மியூஸ்' எனப்படவே, பிற்காலத்திலே செல்வர் வீடுகளின் பின்புறத்துக் குதிரை லாயங்களும் அப்பெயர் பெற்றன. மோட்டார் வண்டிகள் வந்து குதிரைகளும் ஒழிந்தபின் அவை குடியிருப்புகளாயின. அரசரின் பழைய கொட்டில் நின்ற நிலத்திலே இன்று நிற்பது தேசிய ஓவியக்கூடம்.

வல்லூற்று வேட்டைக்கு உரியனவென்று சொல்லப்படும் தொடர்கள் யாவும் அதற்கு உரியனவல்ல என்பதையும் சொல்லவேண்டும். சலிப்பைக் குறிக்கும் 'பெட் அப்' என்பது வயிறு நிறைந்து வேட்டைக்கு மறுக்கும் பறவையிலிருந்து வந்ததென்பர். நல்ல கதை. ஆயின், அத்தொடர் இப்பொருளில் வழக்காறு பெற்றது அரசவைகளிலே வல்லூற்று வேட்டை மங்கி நெடுங்காலத்தின் பின்னரே. துப்பாக்கி பெருகப் பெருகப் பதினேழாம் நூற்றாண்டிலேயே அவ்வேட்டை தளர்ந்துவிட்டது. இடையிலே கிடக்கும் நீண்ட மௌனத்துக்கு விடையில்லாதவரை அக்கதையை ஏற்றற்கில்லை.

இத்தகைய அழகிய கதைகளுள் ஈழத்தோடு உண்மைத் தொடர்புடையதொன்று உண்டு. இரண்டு இடங்களுக்கிடையிலான நேர்கோட்டுத் தூரத்தை ஆங்கிலேயர் 'அஸ் த குறோ பிளைஸ்', அதாவது காகம் பறக்கும் கணக்கில், என்று கூறுவர். இதற்குப் பலரும் கூறும் விளக்கமாவது: பழைய ஆங்கில மாலுமிகள் கப்பலிலே காகங்களைக் கூட்டிலடைத்துக் கொண்டு சென்றனர், கரை தெரியாதபோது ஒன்றைப் பறக்கவிட்டு, அது செல்லும் திசையிலே கப்பலைச் செலுத்தினர், பாய்மரத்தின் உச்சியிலுள்ள காவற்றட்டு 'காகக் கூடு' எனப்படுவதும் இதனாலேயே என்பதாம்.

பறவையை வழிகாட்டியாகக் கொண்ட மாலுமிகள் உலகில் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. கி.பி. 79 இல் இறந்த உரோமப் பேரறிஞர் பிளினி, தப்ரபேன் என்று அக்காலத்தார் வழங்கிய நம் இலங்கையின் மாலுமிகளைப் பற்றியே இதனைக் கூறுகின்றார். அவர்கள் விண்மீன்களைக் கொண்டு திசையறிவதில்லை. பறவைகளைக் கப்பலிற் கொண்டு சென்று அடிக்கடி பறக்கவிட்டு, அவை கரைநோக்கிச் செல்லும் வழியிலே செல்வர் என்பது அவர் கூற்று. பௌத்த சாதகக் கதைகளும் திசைகாட்டும் காகத்தோடு கடலோடிய வணிகரைப் பேசுகின்றன. குலசேகராழ்வாரோ, கப்பலின் கூம்பை விட்டுப் பறந்து, எங்கும் கரை காணாது மீண்டும் அக்கூம்பிலேயே வந்தேறும் பறவையைத் தம் நிலைக்கு உவமையாக்கினார். கடலும் கப்பலும் அறிந்த மக்களிடையேயன்றி இவ்வுவமை தோன்றாது. விவிலியத்து நோவாவின் காகமும் புறாவும் இவ்வினத்தனவே.

எனினும், இவற்றால் ஆங்கிலத் தொடரின் பிறப்பு நிறுவப்பட்டதாகாது. அத்தொடர் எழுத்திலே காணப்படுவது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே. அக்காலத்து ஆங்கில மாலுமியிடம் திசையறிகருவியும், கடற்படமும், கோணமளக்கும் கருவியும் இருந்தன, காகம் வேண்டியதில்லை. 'காகக் கூடு' எனப்படும் காவற் பீப்பாவை 1807 இல் அமைத்தவர் விற்பி நகரத்துத் திமிங்கில வேட்டைத் தலைவர் மூத்த வில்லியம் ஸ்கோர்ஸ்பி. வடதுருவக் கடலின் குளிர்காற்றுக்கு மறைவாக ஆளை நிற்கவைப்பதே அவர் நோக்கம். மரத்துச்சியிலே தோன்றும் அதன் தோற்றமே அப்பெயருக்குக் காரணமாகப் போதும். தொடரும் நிலத்திலேயே பிறந்திருத்தல் கூடும்: ஆங்கில நாட்டுப்புறத்துப் பாதை வேலிகளைச் சுற்றி வளைந்து செல்லும், வயலின் மேலே காகம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. காகம் உண்மையில் நேர்கோட்டிற் பறப்பதில்லை என்பதை நம் முற்றத்திலேயே கண்டுகொள்ளலாம்.

கடலோடு உண்மையான உறவுடைய தொடர் வேறொன்றுளது. மாணவனொருவன் பரீட்சையிற் சிறப்பாகச் சித்தியடைந்தால், அவன் 'வித் பிளையிங் கலர்ஸ்' சித்தியடைந்தான் என்போம். இங்கே 'கலர்ஸ்' என்பவை நிறங்களல்ல. கப்பலின் அல்லது படையணியின் கொடிகள். போரிலே கொடியை இறக்குதல் சரணடைந்ததற்கு அடையாளம். ஆகவே கொடி பறக்கத் துறைமுகம் மீளும் கப்பல் பகைவனை வென்றிருக்கவேண்டுமென்பதில்லை. அது பணியாது மீண்டது என்பதே பொருள். முற்றுகையிலே நெடுநாள் எதிர்த்து நின்ற காவற்படைக்கு வென்றவன் அளிக்கும் மதிப்புகளுள், கொடி பறக்கவும் முரசு முழங்கவும் கோட்டையை விட்டு வெளியேறும் உரிமை தலையாயது. கோட்டை போயிற்று, மானம் போகவில்லை. தொடரின் பழம்பொருள் 'மானங்குன்றாது தப்பிவந்தான்' என்பதற்கு அணித்தாயிருந்து, பின்னரே 'பெருவெற்றி பெற்றான்' என்பதாக உயர்ந்தது. மயிரிழையிற் சித்தியடைந்தவனுக்கே முதற்பொருள் பொருந்தும் போலும்!

கொடியின் பெருமையை விளக்க 1797 ஒக்டோபர் 11 இல் நிகழ்ந்த கம்பர்டவுன் கடற்போர் ஒன்றே அமையும். ஒல்லாந்தரோடு நிகழ்ந்த அப்போரிலே தளபதி டன்கனின் 'வெனரபிள்' கப்பலின் பாய்மர உச்சி குண்டுபட்டு முறிந்து கொடி வீழ்ந்தது. வீழ்ந்த கொடியைச் சரணென்று பிறர் கருதாதவாறு, சண்டர்லாந்து ஊரினனான ஜாக் குறோபோட் என்னும் மாலுமி குண்டுமாரியினிடையே மரத்திலேறி அதனை ஆணியால் அறைந்தான். ஆணியடித்த கொடியை இறக்குதல் இயலாது. கொள்கையிலே உறுதியாக நிற்பதை 'கொடியைப் பாய்மரத்தில் ஆணியடித்தல்' என்று ஆங்கிலேயர் கூறுவது இவ்வகைச் செயல்களை நினைந்தே.

வேறு சிலவற்றை விரைந்து கடப்போம். நம்பத்தகாத வணிகனைக் குறிக்கும் 'பிளை பை நைற்' என்பது, பதினெட்டாம் நூற்றாண்டிறுதியில் வெளிவந்த குறோசின் கொச்சைச்சொல் அகராதிப்படி, கிழவியைச் சூனியக்காரியெனப் பழிக்கும் பழஞ்சொல். பின்னர் இரவோடிரவாகக் குடிபெயரும் கடன்காரனுக்கு அது மாறிற்று. சினத்தால் நிலையழிதலைக் குறிக்கும் 'பிளை ஓவ் த ஹண்டில்', காம்பிலிருந்து கழன்று தெறிக்கும் கோடரித் தலை. காடுவெட்டிக் குடியேறிய வட அமெரிக்கரின் ஆக்கம் அது. ஒத்திகையின்றிச் சமாளித்தலைக் குறிக்கும் 'விங் இற்' என்பதிலுள்ள 'விங்' பறவையின் சிறகே அன்று, நாடகமேடையின் பக்கத்தட்டி. அதன் மறைவிலே நின்று தன் வசனத்தை அவசரமாக நெட்டுருச் செய்த நடிகனே அதன் தந்தை. நறுமணத் தைலத்திற் கிடக்கும் 'பிளை' விவிலியத்துப் பிரசங்கியின் பத்தாம் அதிகாரத்திலிருந்து வந்த ஈ. அதனைப் பறத்தலோடு சேர்த்தெண்ணுதல் வேண்டா.

நடவாத காரியத்தை நாம் பலவாறு எள்ளுவோம். ஆங்கிலேயர் 'பன்றி பறக்கும்போது' என்பர். யோன் வித்தல்சின் ஆங்கில - இலத்தீன் சிறுவர் அகராதியின் 1616 ஆம் ஆண்டுப் பதிப்பிலே, பன்றிகள் வாலை முன்னாக வைத்து வானிற் பறக்கும் என்னும் பழமொழி காணப்படுகின்றது. பறப்பதே அரிது, அதிலும் வால் முன்னாக! 1865 இல் வெளிவந்த 'அதிசய உலகில் அலிஸ்' கதையிலும் பறக்கும் பன்றி பேசப்படுகின்றது. முந்நூறாண்டு காலம் எவரும் மறுக்காத இவ்விகழ்ச்சியை மறுத்தவர் யோன் மூர் - பிரபசன் என்னும் ஆங்கிலேயர். 1909 நவம்பர் 4 இல் செப்பித் தீவிலே அவர் தம் விமானத்தின் இறக்கைக் கம்பமொன்றிலே கடதாசிக்கூடை ஒன்றைக் கட்டி, அதனுட் பன்றிக்குட்டியொன்றை இருத்தி, 'பறந்த முதற்பன்றி நானே' என்னும் பொருளுடைய அறிவிப்பையும் மாட்டிப் பறந்தார். பிரித்தானியாவின் முதலாவது விமானமோட்டிச் சான்றிதழும் அடுத்த ஆண்டில் இவருக்கே வழங்கப்பட்டது. பன்றி பறந்த பின்னரும் தொடர் பொருளிழக்கவில்லை. உண்மை நிகழ்ச்சியொன்றினாலே மரபுத்தொடரைப் பொய்ப்பித்தல் இயலாது போலும்.

பருந்தும் பட்டமும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாற் குறிக்கப்படுவன. 'கைற்' என்னும் பறவை காற்றிலே அசையாது மிதப்பதைக் கண்டு விளையாட்டுப் பொருளுக்கு அதன் பெயரை இட்டனர். இனிக் 'கைற் பறக்கவிடுதல்' என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலண்டன் வணிகரிடையே ஒரு தந்திரத்தின் பெயராயிற்று. சரக்கு எதுவும் கைமாறாதிருக்க, இருவர் தம்முள் ஒத்து ஒருவர்மேல் ஒருவர் உண்டியல் எழுதி, அதனை வங்கியிலே மாற்றிப் பணம் பெறுதலே அது. கொழும்புச் செட்டியார்தெருவின் பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இது விளங்காத செய்தியன்று. கீழே நிலமில்லை; காற்றின் நம்பிக்கையாலேயே கடதாசி மேலே நிற்கின்றது; காற்று நின்றால் விழும். இதனினும் பொருத்தமான உவமையைக் காணல் அரிது. பிற்காலத்திலே அரசியலாளர் புதுத்திட்டமொன்றைப் பத்திரிகைகளிலே கசியவிட்டுப் பொதுமக்கள் மனத்தை அறிதலுக்கும் இத்தொடர் பயன்பட்டது.

அதே பொருளிலே வழங்கும் 'சோதனைப் பலூன்' என்னுந் தொடர் பிரெஞ்சுக்காரர் தந்தது. 1783 டிசெம்பர் முதலாந் திகதி, ஐதரசன் வாயு நிரப்பிய பலூனிலே செல்லவிருந்த பேராசிரியர் சார்ள்ஸ், காற்றின் திசையறியச் சிறிய பச்சைப் பலூனொன்றை முதலிலே விடுவித்தார். அதனை விடுவிக்கும் பெருமையைத் தம் போட்டியாளரான மொன்கோல்பியேயின் கையிலே கொடுத்தார். அறிவியற் போட்டியிலே இத்தகைய பெருந்தன்மையை அடிக்கடி காண்பதில்லை.

'பலூன் மேலே சென்றது' என்றால் பெருங்குழப்பம் தொடங்கிற்று என்று பொருள். முதலாம் உலக மகாயுத்தத்திலே மேற்குப் போர்முனையில் இரு பக்கத்தாரும் கம்பிவடத்திற் பிணித்த பலூன்களை உயர்த்தினர். கீழே தொங்கும் கூடையிலிருந்த அவதானி பகைவர் நிலைகளை நோக்கித் தொலைபேசியாற் பீரங்கிப் படைக்கு அறிவிப்பான். பதுங்குகுழியிலிருந்த போர்வீரனுக்கு எதிரே பலூன் எழுதல் குண்டுமாரிக்கு முன்னறிவிப்பு. பலூனோ தீப்பற்றும் வாயு நிறைந்தது. பகை விமானத்தின் ஒரு குண்டு போதும். ஆதலின் பலூன் அவதானிகளுக்குப் பரசூட் கொடுக்கப்பட்டது. அதே பிரித்தானியப் படையின் விமானமோட்டிகளுக்கோ அப்போர் முழுவதும் பரசூட் வழங்கப்படவில்லை. இத்தொடரை இரண்டாம் மகாயுத்தத்து அரண்பலூன்களோடு சேர்த்துக் கூறுவாரும் உளர். ஆயின் அப்போருக்கு முன்னரே அது அச்சில் ஏறிவிட்டது.

விமானம் ஆங்கிலத்துக்கு நேரே அளித்த தொடர்களுள் மிக்க பொருளாழமுடையது 'காற்சட்டையின் இருக்கையாற் பறத்தல்' என்பது. முறையான அறிவின்றி உள்ளுணர்வாலே சமாளிப்பவனை இவ்வாறு கூறுவர். இன்று அது புகழுரையாகவும் வழங்குகின்றது. தொடக்ககால விமானியிடம் கருவிகள் மிகச் சிலவே. விமானம் சறுக்குவதையும் சாய்வதையும் எழுவதையும் அவன் தன் ஆசனத்தில் உடல் அழுந்தும் வேறுபாட்டாலேயே உணர்ந்தான். அடிவானம் கண்ணுக்குத் தெரியும்வரை இவ்வுணர்ச்சி நல்ல துணை. மேகத்துள் நுழைந்ததும் அதுவே நம்பிக்கைத் துரோகியாகும். உட்செவியிலுள்ள அரைவட்டக் கால்வாய்களின் பாயம் மெதுவாகத் தொடங்கும் திருப்பத்தை உணர்த்தாது. திருப்பம் நீடித்தாலோ அதனை மறந்துவிடும். விமானம் சாய்ந்து சுழன்று கீழிறங்கும்போது விமானி தான் நேராகச் செல்வதாகவே உணர்வான். உயரம் குறைவதைக் கண்டு முகப்பை உயர்த்த முயன்றால் சுழற்சி மேலும் இறுகும். தேர்ந்த விமானிகள் எத்தனையோ பேர் இவ்வாறே மாண்டனர்.

இதற்குத் தீர்வு உண்டென்பதைக் காட்டியவர் ஜேம்ஸ் டூலிற்றில். 1929 செப்ரெம்பர் 24 இல், நியூயோர்க்கையடுத்த மிச்சல் களத்திலே, தம் ஆசனத்தை மூடியால் முற்றாக மறைத்துக்கொண்டு, செயற்கை அடிவானம், சுழல்திசைகாட்டி, நுண்ணிய உயரமானி, வானொலிக் கதிர் ஆகியவற்றின் துணையாலேயே எழுந்து, சுற்றி, மீண்டும் தரையிறங்கினார். பயண நேரம் ஏறக்குறையக் கால்மணி. முன்னாசனத்திலே காவலாக இருந்த மற்றை விமானி கைவைக்க நேரவில்லை. உடலின் சான்றைத் தள்ளி முள்ளின் சான்றைக் கொள்க என்பதே அன்றுமுதல் விமானப் பயிற்சியின் முதற்பாடமாயிற்று.

இப்பாடம் நிறுவப்பட்ட பின்னரே நமது தொடர் பெரும்புகழ் பெற்றது என்பது கருதத்தக்கது. 1938 யூலை 17 இல் டக்ளஸ் கொறிகன் என்பவர் பழைய ஒற்றையியந்திர விமானத்திலே நியூயோர்க்கிலிருந்து கலிபோர்ணியா செல்வதாகக் கூறி எழுந்தார். இருபத்தெட்டு மணி நேரத்தின் பின் அவர் இறங்கியது அயர்லாந்திலே! அத்திலாந்திக்கைக் கடக்க அவர் கேட்ட அனுமதி முன்னரே மறுக்கப்பட்டிருந்தது. மேகத்திலே திசையறிகருவியைப் பிழையாகப் பார்த்துவிட்டதாக அவர் சாதித்தார். இறுதிவரை அவ்வுரையை மாற்றவில்லை. லின்ட்பேர்க்கின் புகழ்பெற்ற விமானத்தைக் கட்டிய தொழிலாளருள் ஒருவராயிருந்தவர் இத்தகைய தவறு செய்தார் என்பதை நம்பியவர் குறைவு. அதிகாரிகள் அவர் உரிமத்தைப் பதினான்கு நாளுக்கு நிறுத்திவைத்தனர். அந்நாட்களிற் பெரும்பகுதி கப்பலில் நாடுதிரும்புவதிலேயே கழிந்தது. நியூயோர்க் மக்கள் ஊர்வலம் எடுத்து வரவேற்றனர். அவரைப் போற்றிய பத்திரிகைகளாலேயே காற்சட்டைத் தொடர் எங்கும் பரவிற்று. கருவியை மீறியவனைக் கொண்டாடும் தொடர், கருவியில்லாமையால் மாண்டோரின் மொழியிலிருந்து பிறந்தது.

இரண்டாம் மகாயுத்தம் தந்தவை பல. கடுங்கண்டனத்தைக் குறிக்கும் 'பிளாக்', விமான எதிர்ப்புப் பீரங்கிக்குச் செருமனியர் இட்ட நீண்ட பெயரின் சுருக்கம். 'இராடருக்குக் கீழே பறத்தல்' கவனத்துக்குத் தப்பி இயங்குதல். பிரித்தானியாவின் தொடக்ககால இராடர் நிலையங்கள் தாழப்பறக்கும் விமானத்தைக் காணமாட்டா என்பது உண்மையே. அதற்கென 1939 முதல் வேறு நிலையங்கள் அமைக்கப்பட்டன. 'ஒரு சிறகும் ஒரு பிரார்த்தனையும்' 1942 ஆம் ஆண்டுத் திரைப்படத்தாலும் மறுவருடப் பாடலாலும் பரவியது.

இறுதியாக நோக்கற்பாலது 'என்வலப்பைத் தள்ளுதல்' என்பது. எல்லையைக் கடக்க முயலுதல் என்பது பொருள். இதனைக் கடித உறையென்று கொண்டு தபாற்கந்தோரில் விளக்கம் தேடுதல் வீண். கணிதத்திலே பல வளைகோடுகளை வெளியே தழுவிச் செல்லும் எல்லைக்கோட்டுக்கு இது பெயர். விமானவியலில், ஒரு விமானம் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு உயரத்தில், எவ்வளவு சுமையைத் தாங்கிச் சிதையாது பறக்கும் என்பதை வரைபடமாக்கினால், உள்ளே காப்பு, வெளியே அழிவு, இடைக்கோடே என்வலப். பொறியியலாளர் தாளிலே வரைந்த அக்கோடு மெய்யானதா என்பதைச் சோதனை விமானி அங்கே சென்றே அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகக் கோட்டை வெளியே தள்ளவேண்டும். 1979 இல் ரொம் வுல்ப் எழுதிய சோதனை விமானிகள் பற்றிய நூலால் இது பொதுவழக்காயிற்று. இன்று சவர்க்கார விளம்பரம் எழுதுவோரும் 'என்வலப்பைத் தள்ளுகின்றனர்'.

அவ்விமானிகள் தள்ளிய கோடு எத்தகையது? 1946 செப்ரெம்பர் 27 இல் ஜெப்றி டி ஹவிலன்ட் என்னும் இளைய விமானி, 'சுவாலோ' எனக் குருவியின் பெயரால் வழங்கிய வாலற்ற விமானத்தை ஒலியின் வேகத்தை அணுகச் செலுத்தினார். தேம்ஸ் கழிமுகத்தின் மேலே அது சிதறிற்று. அடுத்த ஆண்டு ஒக்டோபர் 14 இல் அமெரிக்காவின் மூறொக் பாலைவனத் தளத்தின் மேலே சார்ள்ஸ் யீகர் ஒலியின் வேகத்தைக் கடந்து உயிரோடு மீண்டார். இன்று தேசப்படத்திலே மூறொக் தளத்தை அப்பெயரிற் காண இயலாது. வாலும் உடலுமின்றிச் சிறகே விமானமாக அமைந்ததொன்றை 1948 யூன் மாதத்திலே சோதித்தபோது மாண்ட தளபதி கிளென் எட்வேட்சின் பெயரே பின்னர் அத்தளத்துக்கு இடப்பட்டது.